தாத்தா கொடுத்த துப்பாக்கி

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருக்கும் என் துப்பாக்கிக் கடைக்கு வந்த பில்பீம், நான் எடுத்து வைத்த மூன்று பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் ஒன்றின் குழலுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. மரப்பிடியில் இருந்த கீறல்களைத்தான் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"சுடுமா, சுடாதானு கேக்கவே இல்லையே சார்?"

"அது கிடக்கட்டும். பாத்தா எங்க தாத்தா துப்பாக்கின்னு தோணணும்."

"தாத்தா பெரிய வேட்டைக்காரரோ?"

"லீட்ஸ்ல மீன் வறுத்து வித்தாரு. அத எதுக்கு வெளில சொல்லணும்? சனிக்கிழமை சர் லயனல் பண்ணையில பறவை வேட்டை. முதல் தடவையா என்னைக் கூப்பிட்டிருக்காரு. அங்க எல்லாரும் பரம்பரைத் துப்பாக்கிதான் வெச்சிருப்பாங்க; புதுத் துப்பாக்கியோட போய் நின்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

வெள்ளித் தகட்டில் பருந்து பொறித்த துப்பாக்கியைத் தூக்கினார். "இதுதான்! தாத்தா சாகறப்போ என் கையில குடுத்தாருன்னு சொல்லிடறேன்."

"சர் லயனல்கிட்டயுமா?"

"முதல்ல அவருகிட்டதான்!"

பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் என் கடைப் பின்வாசல் வழியாக வந்து, "எங்க தாத்தாவோடது. வித்தது தெரிஞ்சா மானம் போயிடும்" என்று அதே துப்பாக்கியை விற்றுவிட்டுப் போனவர் சர் லயனல்தான்.

சனிக்கிழமை இவர் வாயை மூடமாட்டார். அவரால் வாயைத் திறக்க முடியாது.