ஒரு குமிழி

கூட்ட அறை மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறையத் தண்ணீர், அதற்குள் கறுப்பாக ஒரு களிப்பாறைத் துண்டு. எரிவாயுவுக்காகத் தோண்டிய கிணற்றின் ஆழத்திலிருந்து அதை எடுத்துவந்த ஆராய்ச்சியாளர் புனிதவல்லி பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒரு குமிழியாவது வராவிட்டால் கிணற்றை மூடிவிடுவதாக இயக்குநர் மாசிலாமணி சொல்லியிருந்தார். காலையிலிருந்து அதிகாரிகள் எல்லோரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள கேஸ் இருக்கா இல்லையாம்மா?" என்றார் இயக்குநர்.

"நிறைய இருக்கு சார். கண்ணுக்கே தெரியாத துளைகள்ல ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரு துளையிலேருந்து இன்னொண்ணுக்குப் போற வழிதான் ரொம்பக் குறுகல்."

"இருந்து என்ன பண்ண, வரமாட்டேங்குதே."

சாப்பாட்டு நேரத்தில் அறை காலியானது. கைப்பையை எடுக்கத் திரும்பி வந்த புனிதவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். இயக்குநர் மட்டும் குடுவைமேல் குனிந்து, பூனைக்குட்டியை அழைப்பதுபோல, "வாயேன், என்ன கூச்சம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். கடுகளவு குமிழி ஒன்று கல்லை விட்டுப் புறப்பட்டு மேலே வந்து உடைந்தது.

"சார் குமிழி வரவச்சுட்டார்!" என்று அவள் போட்ட கூச்சலில் எல்லோரும் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். கல் மறுபடி கம்மென்று கிடந்தது.

"அப்படி என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

இயக்குநர் புனிதவல்லியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். "கதவைச் சாத்திட்டுப் போங்க."