ராணி சாப்பிட்டாளா?

பெங்களூரில் கறுப்பு பீர் ஆலையில் வேலை பார்க்கும் அமலதாஸ், லீவில் சொந்த ஊரான ஆவூருக்கு வந்தும் போனிலேயே இருந்தான்.

"ராணி சாப்பிட்டாளா? குளிர் படாம பாத்துக்கங்க."

மனைவி சகாயமேரி பொருமினாள். "யாருங்க அந்த ராணி?"

அவன் சிரித்தான். "பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்டுக்கு நாங்க வச்ச பேரு. கறுக்க வறுத்த பார்லி, மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ் பூ, தண்ணி எல்லாம் வெறும் சாமான். உசிருள்ளது அது ஒண்ணுதான். அது செத்தா பீரே கெடையாது. சந்தேகம் தீந்துச்சா?"

அவள் முகம் தெளியவில்லை.

"பொம்பளையா இருந்திருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன்."

"இதுக்குப் போயி பொறாமையா?"

"நேத்துலேருந்து எனக்குக் காய்ச்சல். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் அவள் நெற்றியைத் தொட்டான். நெருப்பாகச் சுட்டது.