இடம் மாறிய காயில்

காரின் மூன்றாவது சிலிண்டரில் பொறி விழவில்லை. பொறி கொடுக்க வேண்டிய காயில் மெல்லக் கீழே பார்த்தது. கழித்த பாகங்களைப் போடும் பழைய இரும்புக் கூடை பக்கத்திலேயே இருந்தது.

“நான் கரண்டைக் கொண்டுவந்து கொட்டுறேன். இவன் தூங்குறான் அண்ணே!” என்றது அதற்கு வரும் ஒயர்.

“மாத்திப் பார்த்துடுவோம்” என்றார் மெக்கானிக் இருதயராஜ். அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டரிலும், அங்கிருந்ததை மூன்றிலும் மாட்டினார். கோளாறு தன் கூடவே வந்தால் கூடைதான் என்று காயிலுக்குத் தெரியும்.

சாவியைத் திருப்பினார். இரண்டில் பொறி பறந்தது. மூன்று அப்படியே கிடந்தது.

காயிலுக்கு மூச்சு வந்தது.

“புதுசா வந்தவனும் தூங்குறான் அண்ணே!” என்றது மூன்றின் ஒயர்.

இருதயராஜ் சோதனை பல்பை ஒயரின் முனையில் வைத்தார். அது எரியவில்லை.

“பல்பும் தூங்குது அண்ணே!” என்றது ஒயர்.

இருதயராஜ் கட்டிங் பிளேயரை எடுத்தார்.