மெஷின் போட்ட துளை

டாக்டரம்மா நந்தினி டப்பாவைத் திறந்து ஒரு காதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வெள்ளை பிளாஸ்டிக். மடிப்பு, வளைவு எல்லாம் அசல் போலவே.

நான் தொடவில்லை.

எங்கள் பாப்பா திரௌபதிக்கு இடது காது பிறவியிலேயே கிடையாது. செத்துப்போன என் தங்கையின் ஒரே பிள்ளை. தாய்மாமன் நான்தான் வளர்த்தேன்.

முன்பு ஒருத்தன் மெழுகில் காது செய்து ஒட்டிவிட்டான். தேர் பார்க்கப் போன கூட்டத்தில், வெயிலுக்கு இளகி விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு முடியை இழுத்து அந்தப் பக்கத்தை மூடியவள்தான்.

மாமா சரி என்றால்தான் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் அவளோடு செங்கம் ரோடு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன்.

“இல்லாத காதோட அளவு மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்? கதை வுடாதீங்க.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வலது காதை ஸ்கேன் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் கம்ப்யூட்டரில் இடப்பக்கமாகத் திருப்பினார்களாம். சென்னையில் இருக்கிற மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி, நூல் மாதிரி இழையாக விட்டு, மண்சுவர் வைப்பதுபோல் படைமேல் படையாக ஏற்றியதாம். இது வெறும் மாதிரிதான். இதை வைத்து அச்சு எடுத்து, தோல் நிறத்தில் ரப்பர் ஊற்றினால் போட்டுக்கொள்கிற காது. எந்த வெயிலுக்கும் இளகாதாம்.

மண்சுவர் நான் வைத்திருக்கிறேன். காதைக் கையில் எடுத்தேன். நகத்தால் தடவினால் வரிவரியாகப் படைகள் தட்டுப்பட்டன.

பாப்பாவின் முடியை ஒதுக்கி, வைத்துப் பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. தோடு போடுகிற இடத்தில் ஒரு துளை.

“இது யார் குத்தினது?”

வலது காதில் இருப்பதை மெஷின் அப்படியே எடுத்துக்கொண்டதாம்.

“அதெல்லாம் ஆவாது. தாய்மாமன் மடியில உக்காராம எங்க வீட்ல யாருக்கும் காது குத்தறதில்ல. துளைய அடைச்சிட்டு ரப்பர ஊத்துங்க. நகை செய்யற பத்தரைக் கூப்ட்டு நாங்க குத்திக்கிறோம்.”

பாப்பா வாய்விட்டுச் சிரித்தாள். ஒதுக்கிய முடியை இழுத்து மூட மறந்துபோனாள்.

“மாமா, என் பையனுக்கே மீசை மொளைச்சிடுச்சு. உன் மடி தாங்குமா?”

“உக்காந்து பாருடி” என்றேன்.