கேமரன் மலை மெஷின்

"ஏண்ணே, ஊரே குளுரு காத்து கேக்குது. நீங்க சூடு காத்து கேக்குறீங்களே" என்றான் மத்தியாஸ்.

சன்னாசி சிரிக்கவில்லை. "விடியக்காலை நாலு மணிக்கு இந்த ரூம்புல சூடு இருக்கணும் தம்பி. இல்லேன்னா இன்னையிலேருந்து வாசக் கதவுக்குப் பூட்டு வாங்கணும். என் மவன் கண்டிசனா சொல்லிட்டான்."

வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டோடு போய்விடப் போகிறார்கள் போலிருக்கிறது என்று மத்தியாஸ் எடுத்துக்கொண்டான். குளிருக்குப் பயந்து இந்தக் குனோங் ராபாட் ஊரைக் காலி செய்கிறவர்களை அவன் இப்போதுதான் பார்க்கிறான். சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருப்பதால் விடியலில் கொஞ்சம் சிலுசிலுக்கும். அவ்வளவுதான்.

இந்த ஏர்கோன் மெஷின் குளிர்ப் பிரதேசமான கேமரன் மலையில் ஏதோ பங்களாவில் கழற்றியது. குளிரும் தரும், திருப்பிவிட்டால் சூடும் தரும். இரண்டிலும் இரண்டு படி உண்டு. முதல் படி சாது. அது போதாமல் போனால்தான் இரண்டாவது படி எழுந்து வரும். சிலிபினில் மத்தியாஸ் வேலை பார்க்கும் ஏர்கோன் கடையில் இப்படி ஒன்றை யாரும் தொட்டதில்லை. இங்கிலீஷ் படித்தவன் நீதானே என்று கடை முதலாளி தவுக்கே மெஷின் புத்தகத்தை அவன் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

நேற்றே வந்து மாட்டிவிட்டு, உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாக வேண்டும், விடியும்வரை சுவிட்சை அணைக்காதீர்கள் என்று சொல்லிப் போயிருந்தான். சன்னாசி அணைக்கவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தாராம்.

கட்டிலில் அவர் மனைவி வீரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியாஸ் வணக்கம் சொன்னதற்கு அழகாகச் சிரித்தாள். மூட்டு வாதமாக இருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டினான். பனியில் நின்று ரப்பர் மரம் சீவிய பெண்களுக்குக் கடைசியில் வந்து சேருவது அதுதான். அவன் அம்மா அகதாவுக்கும் வந்தது.

மணி பத்து. அறை இப்போதே முப்பத்தோரு டிகிரி. இந்த வெக்கையில் சூட்டைப் போட்டால் மெஷின் அசையாது, முதலில் அறையைக் குளிரவைத்து, பிறகுதான் சூட்டைச் சோதிக்க முடியும் என்று மத்தியாஸ் விளக்கினான். சன்னாசியின் முகம் வாடிவிட்டது. குளிரவைக்காமல் முடியாதா என்று இரண்டு தடவை கேட்டார். முடியாது என்று தெரிந்ததும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். குளிர் வெளியே போகக்கூடாதாம். விவரமான மனுசன்தான் என்று மத்தியாஸ் மெச்சிக்கொண்டான்.

மெஷின் முனகிக்கொண்டு கிளம்பியது. முதல் படி, பிறகு இரண்டாவது படி. திரை போட்ட அறையில் குளிர் மெல்ல இறங்கியது. மத்தியாஸுக்குச் சட்டென்று தான் வளர்ந்த, பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கு, விடியுமுன் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணிச் சத்தம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அவன் நெற்றியில் அம்மா வைத்துவிட்டுப் போகும் ஈரக் கை. எத்தனை வருசமாயிற்று. அந்தக் கை இப்போது வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

அப்போது வீரம்மா எழுந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகர வாளியை இழுத்தாள்.

"நேரமாச்சி, நான் கெளம்புறேன்."

வாதக்காரி மாதிரி தெரியவில்லை. அக்கா எங்கேயோ வீட்டு வேலைக்குப் போகிறது போல என்று மத்தியாஸ் நினைத்தான்.

சன்னாசி வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்லா, வீரம்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "சூட்டைப் போடு தம்பி" என்றார்.

உடனே திருப்பினால் மெஷின் போய்விடும், அஞ்சு நிமிசம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றான் அவன். அந்த அஞ்சு நிமிசமும் சன்னாசி வாளியை விடவில்லை. அவளும் விடவில்லை.

சூட்டின் முதல் படி வந்தது. வெதுவெதுப்புதான். வீரம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியாஸ் சூட்டின் அளவை முப்பது டிகிரிக்குத் திருப்பினான். டொக்கென்று இரண்டாவது படி எழுந்தது. வெளியே வெயில் காய்வதால், அழுத்தம் காட்டும் கேஜ் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. கோட்டைத் தாண்டினால் மெஷின் நாசம். அவன் விரல் சுவிட்சுக்குப் போனது.

"நிறுத்திடாத தம்பி" என்றார் சன்னாசி.

கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே முள் நின்றது. அறை முழுக்க உஷ்ணம் பரவியது. விடியலில் இவ்வளவு சிரமப்படாது, நாலு மணிக்குத் தானாகவே ஓடும்படி டைமர் வைத்துத் தருகிறேன் என்று மத்தியாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

வீரம்மாவும் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். வாளியைத் தானாகவே கீழே வைத்தாள்.

"வெயில் ஏறிப்போச்சி. இனிமே மரத்துல பால் ஓடாது" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்தவளாகக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

மத்தியாஸ் திரையை விலக்கி வெளியே பார்த்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசை வீடுகள். ஒரு ரப்பர் மரம் கிடையாது.

"தோட்டத்த வித்து ஏழு வருசமாச்சி, இவ புத்திக்குத்தான் அது ஏறல. நாலு மணிக் குளுரு மேல பட்டா போதும், வாளியத் தூக்கிக்கிட்டுப் பெரிய ரோட்டுல லாரிக்கு நடுவுல போய் நிக்கிறா" என்றார் சன்னாசி, அவள் கால்மாட்டில் உட்கார்ந்தபடி. "பொண்டாட்டிய உள்ள வெச்சிப் பூட்ட மனசு வரல தம்பி. அதான் வெயில வாங்கிட்டு வந்தேன்."