முன்கூட்டியே ஒரு கோல்

வியாசர்பாடி மைதானம். கடைசி பெனால்டி. இது உள்ளே போனால்தான் ஏஞ்சலின் அணிக்குக் கோப்பை. அவளோ பந்தை மூன்றாவது முறையாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கோட்டோரம் மண்டியிட்டிருந்த அக்கா ரெபேக்காவின் கையில், அடுத்து நடக்கப்போவதை இப்போதே படம்பிடிக்கும் கேமரா. அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. கண்ணில் வைத்தாள், க்ளிக்கினாள், துள்ளிக் குதித்தாள்.

"கோலு! படம் வந்துருச்சுடீ!"

மைதானமே ஆர்ப்பரித்தது. எதிரணி கோல்கீப்பர் பர்வீன் கையுறைகளை உருவி வீசினாள்.

"போட்டோவே வந்துருச்சாம்! இனிமே நான் எதுக்கும்மா டைவ் அடிக்கணும்?"

ஏஞ்சலின் சிரித்துக்கொண்டே தட்டினாள். பந்து பொடிநடையாக வலைக்குள் போனது.

"க்கா, படத்தைக் காட்டு!" என்று பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள்.

எதைக் காட்டுவது? ரெபேக்கா சிரிப்புத் தாங்காமல் மண்ணில் சாய்ந்தாள். லென்ஸ் மூடியை அவள் இன்னும் கழற்றவே இல்லை.