பதினேழாம் ஆண்டுப் பெடியள்

"இதெல்லாம் ஒரு பிடியோ? இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டுப் பெடியளை நீங்கள் பாத்திருக்கோணும்!"

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில், கல்லூரி மைதானத்து ஓரத்தில் நின்று பாலேந்திரா மறுபடியும் தொடங்கிவிட்டார்.

விமலாதேவி பல்லைக் கடித்தாள். அவள் மகன் றொஜிதன் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் றிசீவர். தூர எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் வேலை. இப்போதுதான் ஒன்றைத் தவறவிட்டிருந்தான்.

"அப்ப மூண்டே மூண்டு றிசீவர். பந்து தானா வந்து கையில இருக்கும். என்ர மகன் சுபாங்கன் ஒரு மச்சில ஏழு பிடிச்சவன்! இருபத்தொண்டில நாலு பேர், பரவாயில்லை. இப்ப ஆறு பேர். ஆறு பேருக்கும் பந்தைக் கண்டாப் பயம்!"

பதினேழில் மச் பார்த்தவர்கள் அங்கே ஒருவருமில்லை. ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

றொஜிதன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த பந்தையும் விட்டான்.

இடைவேளையில் விமலாதேவி நேரே பயிற்சியாளர் கத்தரீனாவிடம் போனாள். பத்து வருடமாக அணியைப் பழக்குகிறவர். கேட்டதும் பழைய விபரத்தை அச்செடுத்துக் கொடுத்தார்.

பதினேழில் றிசீவர்கள் தவறவிட்ட பந்து ஐம்பத்திரண்டு. இந்த வருடம் பதினெட்டு.

கீழே சுபாங்கனின் பெயர். விளையாடிய மச்: பூச்சியம்.

"முழு வருடமும் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில்தான் இருந்தவன்" என்றார் கத்தரீனா.

விமலாதேவிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் உரத்து வாசிப்பதென்றே திரும்பி வந்தாள்.

"அண்ணை, சுபாங்கன் ஏழு பிடிச்சதை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

பாலேந்திராவின் குரல் இறங்கியது.

"எங்க தங்கச்சி! அந்த வருசம் சனிக்கிழமையெல்லாம் எனக்கு ஃபக்டரி. ஒரு மச்சும் பாக்கேல்லை. பின்னேரம் களைச்சு விழுந்து வர, பெடியன் கதவடியிலயே நிண்டு சொல்லுவான், இண்டைக்கு இத்தினை பிடிச்சனான் அப்பா எண்டு. களையெல்லாம் அதோட போயிடும். அவன் சொன்னது ஒவ்வொண்டும் எனக்கு இன்னும் மனப்பாடம்."

பக்கத்தில் நின்ற சூசைதாசன் எட்டிப் பார்த்தார்.

"என்ன விமலா, கையில தாள்? பதினேழாம் ஆண்டு விபரமோ? வாசியுங்கோவன், கேப்பம்!"

விமலாதேவி தாளை நாலாக மடித்து ஜாக்கெட் பைக்குள் திணித்தாள்.

"இல்லை அண்ணை. அந்த வருசத்து விபரத்தை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையாம்."